மரத்தடி போதும் என்பவர்களுக்கு

பள்ளி ஆண்டு விழா, பணி நிறைவுப் பாராட்டு, மேலாண்மைக் குழுக் கூட்டம், எதுவானாலும் சரி. பேச்சு பள்ளிக் கட்டடத்தின் பக்கம் திரும்பியதும் யாராவது ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிடுவார்: "நாங்கள் எல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து படித்தவர்கள். கட்டடமா பாடம் நடத்துகிறது? நல்ல வாத்தியார் ஒருவர் இருந்தால் போதும்." கூட்டம் கைதட்டும். பொறியாளருக்கும் நிம்மதி, ஒப்பந்ததாரருக்கும் நிம்மதி. விவாதம் அத்தோடு முடிந்துவிடும்.

இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல ஆண்டுப் பகை. அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மறைந்திருக்கும்.

உண்மையான பாதியை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு எந்தக் கட்டடமும் உயிர் தராது. கண்ணாடி முகப்பும் கிரானைட் தரையும் போட்டு, உள்ளே மனப்பாட ஆலை நடத்தும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒழுகும் ஓட்டுக் கூரையின் கீழ் நின்று தலைமுறைகளைக் கரையேற்றிய ஆசிரியர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. இதிலிருந்து இழுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன். நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு கரும்பலகை இருந்துவிட்டால் எந்த முறையிலும் கற்பித்துவிடலாம் என்கிறார்களே, அது தவறு. நாம் கட்டிவைத்திருக்கும் அறை ஒரே ஒரு கற்பித்தல் முறைக்காகச் செய்யப்பட்டது. வேறு எந்த முறை அதற்குள் நுழைந்தாலும் ஒண்டுக்குடித்தனம்தான்.

அந்த மரத்தையே எடுத்துக்கொள்வோம். வேம்போ, புங்கமோ, ஆலமரமோ. அதன் கீழே என்ன இருந்தது? நிழல் நகர நகரப் பிள்ளைகளும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காற்று நாலா பக்கமும் வந்தது. குரல் எதிரொலிக்கவில்லை. வாத்தியார் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வட்டத்தில் கடைசி பெஞ்சு கிடையாது. மண்ணில் எழுதினார்கள், கையால் அழித்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கப் புங்கங்காயும் வேப்பங்கொட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. இவ்வளவும் அந்த இடம் செய்த உபகாரம். தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி, வகுப்புகளை மரநிழலில் நடத்தினார். சிறுவயதில் தாம் அடைபட்டுக் கிடந்த பள்ளியறைகள்மீது அவருக்கிருந்த கசப்பு அதற்குப் பின்னால் இருந்தது. இடம் பாடத்தைப் பாதிக்கும் என்று நம்பியவரின் தேர்வு அது.

ஆக, மரத்தடியைப் புகழும் பெரியவர் தம்மையறியாமலே ஒரு நல்ல வகுப்பறை வடிவமைப்பைத்தான் புகழ்கிறார். ஆனால் அந்தப் புகழ்ச்சியின் பலன் யாருக்குப் போகிறது? மரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் எழுப்பிய கான்கிரீட் பெட்டிக்கு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைக் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்து, அதைத் தம் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்தார். நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை நெடுங்காலமாகச் செய்துவந்த வேலைதான் அது. 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியாக அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது.

பரவியபோது நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பெல்லின் வழி வந்த பள்ளிகளில் மேசைகளைச் சுவரோரமாகப் போட்டு, நடுத்தளத்தைக் காலியாக விட்டார்கள். பிள்ளைகள் சதுரம் சதுரமாக நின்று பாடம் ஒப்பிக்க அந்த இடம் வேண்டியிருந்தது. அவருடைய போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளில் மேசைகள் நடுவில் வரிசை வரிசையாக வந்தன. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான தலைகளையும் ஒரே பார்வையில் பார்க்கத் தரையைச் சரிவாக அமைக்கச் சொன்னார் லங்காஸ்டர். ஏறக்குறைய ஒரே முறைதான். அதில் சின்ன வேறுபாடு வந்ததும் கூடமே மாறிவிட்டது. பிற்பாடு ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு வந்தபோது அந்தப் பெருங்கூடங்கள் அறைகளாக உடைந்தன. கற்பிக்கும் முறை மாறும்போதெல்லாம் கட்டடம் மாறியிருக்கிறது. 'வகுப்பறை என்றால் இப்படித்தான்' என்று நாம் நினைக்கும் செவ்வகம் ஒரு குறிப்பிட்ட காலத்தின் ஏற்பாடு, அவ்வளவுதான். ஆசிரியர் பேச, மற்றவர்கள் கேட்டு எழுத, யார் அசைகிறார்கள் என்று பார்க்க வசதியாக அமைந்த ஏற்பாடு.

இதை முகத்துக்கு நேரே சொன்னவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பொன்றில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் முதலில் வெளியே போனது நிலையான பெஞ்சு. பிள்ளைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலிகளும் மேசைகளும் வந்தன. 'குழந்தை சுதந்திரமாகக் கற்கும்' என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, அது எழுந்து நிற்கவே அனுமதி கேட்க வேண்டிய தட்டுமுட்டை உள்ளே போடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்ட மழலையர் பள்ளிகள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் எத்தனை பள்ளிகளில் நாற்காலி நகர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

2025 ஜூலையில் நம் ஊரில் நடந்த 'ப' வடிவ விவாதத்துக்கு வருகிறேன். கடைசி பெஞ்சு ஒழிய வேண்டும் என்று ஒரு மலையாளப் படம் காட்டியது. கேரளப் பள்ளிகள் சில பெஞ்சுகளைச் சுவரோரம் திருப்பின. தமிழ்நாட்டிலும் வகுப்புகளை 'ப' வடிவில் அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. உடனே இரண்டு கட்சி. சமத்துவம் வந்துவிட்டது என்று ஒரு கட்சி. பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும், கண் கெடும் என்று இன்னொரு கட்சி. தொலைக்காட்சியில் எல்லாரும் பேசினார்கள். அறையின் நீள அகலத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நாம் அளந்து பார்ப்போம். அறை இருபதுக்கு இருபது அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி இடம். பின்சுவரை ஒட்டி 13 பேர் உட்காரலாம். பக்கச் சுவர்களில் மூலைக்கு மூன்று அடி போகும். கரும்பலகைக்கும் கதவுக்கும் ஆசிரியர் நிற்பதற்கும் முன்னால் ஐந்து அடி போகும். மிச்சம் பன்னிரண்டு அடி. பக்கத்துக்கு எட்டுப் பேர். ஆகமொத்தம் 29. முப்பதாவது பிள்ளை வந்தால் இரண்டாவது வரிசை போட வேண்டும். அந்த வரிசை வந்ததும் கடைசி பெஞ்சும் வந்துவிடுகிறது. நாற்பது, ஐம்பது பேர் படிக்கும் உயர்நிலை வகுப்பை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

கழுத்து வலி என்ற புகாரும் பொய்யல்ல. பக்கச் சுவரோரம் இருக்கும் பிள்ளை நாள் முழுக்கக் கரும்பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் வலிக்கத்தான் செய்யும். 'ப' வடிவம் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கானது. அதன் மையம் நடுத்தளம். பாடமோ இன்னும் முன்சுவரில் நடக்கிறது. உட்காரும் முறையை மாற்றிவிட்டுக் கரும்பலகையை, அறையின் அளவை, பாடத்தை, தேர்வை அப்படியே விட்டால் பழி கழுத்தின் மீதுதான் விழும். அப்புறம் "பார்த்தீர்களா, புது முறை எல்லாம் நம் ஊருக்குச் சரிப்படாது" என்று பெரியவர் மறுபடி மைக்கைப் பிடிப்பார்.

கட்டடம் பாடம் நடத்தாதாம். பாடத்தை நிறுத்த அதற்குத் தெரியும் என்பதையாவது ஒப்புக்கொள்வார்களா? நான் படித்த அறைக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் வாத்தியார் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கையால் சைகை காட்டுவார்: பார்த்து எழுதுங்கள். எங்களுக்கு அது கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை பாடவேளைகள் அந்தச் சைகையில் போயின என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

நியூயார்க்கில் ஒருவர் கணக்கு வைத்தார். மன்ஹாட்டனில் மேம்பால ரயில் பாதையை ஒட்டி நின்றது ஒரு பொதுப்பள்ளி. கட்டடத்தின் ஒரு பக்க அறைகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் இரைச்சல். மறுபக்க அறைகள் அமைதி. ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே தரமான ஆசிரியர்கள். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பை எட்டும்போது இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் மேற்கூரை போட்டார்கள். அதன்பின் எடுத்த கணக்கில் அந்த வேறுபாடு இல்லை. மாற்றியது தண்டவாளத்தையும் மேற்கூரையையும்தான். ஆசிரியர்களை யாரும் மாற்றவில்லை.

வெயிலின் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் பள்ளியாண்டின் வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டுக் கற்றல் ஒரு சதவீதம் குறைகிறது என்றது. நம் நிலைமை? 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் வெயிலுக்கு அஞ்சி ஜூன் மாதப் பள்ளித் திறப்பையே தள்ளிவைத்தோம். மேல்தளத்து அறையில் மதியம் இரண்டு மணிக்குக் கான்கிரீட் கூரை அனல் கக்கும்போது தூங்கி விழும் பிள்ளையை "சோம்பேறி" என்று திட்டுகிறோம். கூரைக்கு ஒரு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பும், சூடான காற்று வெளியேற மேலே இரண்டு காற்றுத் துளைகளும் கொடுத்திருந்தால் பாதிப் பிள்ளைகள் விழித்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை எடுத்து, 3,766 பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். வெளிச்சம், வெப்பம், காற்று, அறையை மாற்றி அமைக்கும் வசதி, இது என் அறை என்ற உணர்வு, நிறம் முதலியவை சேர்ந்து அந்த முன்னேற்றத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 16 சதவீதத்துக்கு விளக்கம் தருகின்றன என்று 2015இல் சொன்னார்கள். அந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து தேனியிலோ திருவாரூரிலோ இறக்கிவைக்க முடியாது. அவர்கள் வானிலை வேறு, வகுப்பு வேறு. ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொன்று நமக்குப் பொருந்தும்: ஒட்டுமொத்தப் பள்ளியின் அமைப்பைவிடப் பிள்ளை உட்காரும் அந்த ஓர் அறைதான் பெரிதாகப் பேசுகிறது. முகப்புக்குக் கிரானைட் ஒட்டுபவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

வெளிநாட்டுக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் சொந்த வரலாறே போதும். 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் விளைந்த முறையின் தொடர்ச்சி அது. பாடப்புத்தகத்தின் இடத்தில் அட்டைகள், கற்றல் ஏணி, தட்டுகள், குழுக்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறும். ஆசிரியர் தேவைப்பட்டவரோடு உட்காருவார்.

அப்போது முதலில் மாறியது எது? அறை. பெஞ்சுகள் வெளியே போயின, பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில், மூன்று அடி உயரத்துக்குள், சுற்றிலும் கரும்பலகைப் பட்டை அடித்தார்கள். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். அதுவரை கரும்பலகை வாத்தியாருடைய சொத்து. அதைத் தொட்டால் அடி. இப்போது முதல் வகுப்புப் பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் பெயர் எழுதிய கட்டத்தில் 'அ' போட்டது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். ஆசிரியரும் தரைக்கு வந்தார். அந்த நாட்களில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தால் ஆசிரியர் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சுற்றறிக்கை தனியாக வந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆறு அங்குலத் தூரிகையும் கறுப்பு வண்ணமும் செய்த வேலை இதில் பாதி.

அது சறுக்கிய இடங்களிலும் கட்டடத்தின் கை இருந்தது. அட்டைத் தட்டுகளை வைக்கச் சுவரில் அலமாரி இல்லை. எத்தனையோ பள்ளிகளில் அவை தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் பூட்டப்பட்டன. கம்பியில் தொங்கும் படங்கள் மின்விசிறியைப் போட்டால் படபடத்துக் கிழியும். நிறுத்தினால் பிள்ளைகளுக்கு வேர்வை. நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஆறு குழுவாகப் பேசும்போது வெற்றுச் சிமெண்டுச் சுவர்கள் அந்தப் பேச்சை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தந்தன. "சத்தம்தான் சார் தாங்கலை" என்று ஆசிரியர்கள் சொன்னதை ஒழுங்கின்மை பற்றிய புகாராக எடுத்துக்கொண்டோம். அது சுவரைப் பற்றிய புகார். மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தபோது நிலைமை இன்னும் மோசம். குழுவாகப் பேசு, மனவரைபடம் வரை என்றார்கள். பெஞ்சும் டெஸ்க்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. முன் பெஞ்சுக்காரர்கள் காலைத் தூக்கிப் போட்டுப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பின் பெஞ்சின் டெஸ்க்கில் தாளை விரித்தார்கள். ஆய்வாளர் போனதும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இங்கே எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கட்டடத்தை மாற்றினால் கல்வி தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் சில கட்டடக் கலைஞர்கள். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுவரில்லாப் பள்ளிகள் எழுந்தன. வகுப்புகளுக்கு நடுவே இருந்த தடுப்புகளை எடுத்தால் சுதந்திரம் பிறக்கும் என்றார்கள். உள்ளே போன ஆசிரியர்கள் பலருக்குச் சுவருள்ள அறையில் கற்பிக்கத்தான் தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை, பழக்கவும் இல்லை. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இந்த வகுப்பின் கதைக்குள் புகுந்தது. பீரோக்களையும் புத்தக அலமாரிகளையும் நகர்த்தி ஆசிரியர்களே தடுப்புக் கட்டினார்கள். பின்னர் பல இடங்களில் நிஜச் சுவர்களே திரும்பிவந்தன. எல்லாரும் கலந்து கற்கவும் இடம் வேண்டும், ஒரு பிள்ளை ஒதுங்கி வாசிக்கவும் இடம் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுக்கும் கட்டடம், அது பெட்டியானாலும் மைதானமானாலும், ஒரே முறைக்குத்தான் உதவும்.

இரண்டையும் கொடுத்தவர்கள் உண்டு. 1940இல் அமெரிக்காவின் வின்னெட்காவில் க்ரோ ஐலண்ட் பள்ளியைக் கட்டுமுன், இளம் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் பெர்கின்ஸ் வாரக்கணக்கில் வகுப்புகளுக்குள் போய் உட்கார்ந்து, ஆசிரியர்களும் பிள்ளைகளும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். கட்டி முடித்த வகுப்பறை ஆங்கில எழுத்து 'எல்' போல மடிந்திருந்தது: பெரிய கை பாடத்துக்கு, சின்ன கை கைவேலைக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் சொந்த முற்றம், சொந்தக் கழிப்பறை. விளக்கு விசை பிள்ளைக்கு எட்டும் உயரத்தில். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960களில் கட்டிய மாண்டிசோரிப் பள்ளியிலும் அறை அப்படித்தான் மடிகிறது. களிமண் பிசையும் பகுதியும் அமைதியாகப் படிக்கும் பகுதியும் வெவ்வேறு தள உயரத்தில் இருக்கின்றன. பொதுக்கூடத்தின் நடுவே அவர் ஒரு செங்கல் மேடையை வைத்தார். பிள்ளைகள் அதில் உட்காருவார்கள், ஏறி நாடகம் போடுவார்கள், சுற்றி நின்று வேலை செய்வார்கள். நம் வீட்டுத் திண்ணைக்கு இதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

"அதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை" என்பது அடுத்த வாதம். சரி, பணமில்லாத ஊருக்குப் போவோம். புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமம். அந்த ஊரில் பிறந்த பிரான்சிஸ் கெரே, அனல் பறக்கும் இருட்டு அறையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருக்கியடித்துப் படித்தவர். ஜெர்மனியில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தபோதே ஊர்மக்களோடு சேர்ந்து 2001இல் ஒரு பள்ளி கட்டினார். உள்ளூர்க் களிமண்ணில் சிறிது சிமெண்டு கலந்த கற்கள். அறைக்கு மேலே ஒரு கூரை. அதற்கு மேல் இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. சூடான காற்று அந்த இடைவெளியில் வெளியேறிவிடும். மின்சாரம் வேண்டாம். அந்தப் பள்ளிக்கு 2004இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது; 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார் கெரே. இதைவிட எளிய கட்டட இலக்கணத்தைப் பக்கத்துக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பல பத்தாண்டுகள் எழுதிக் காட்டினார்: செங்கல்லில் விட்ட சாளர இடைவெளிகள் வழியாக வெளிச்சம், காற்று, தனிமை மூன்றும், ஒரே செலவில்.

இந்தியாவிலேயே 'கட்டடமே கற்றல் கருவி' என்ற கருத்தை வின்யாஸ் என்ற அமைப்பு வளர்த்தது. கதவு திறக்கும் தரையில் கோணமானி, படிக்கட்டில் எண்கள், சன்னல் கம்பியில் எழுத்துப் பழகும் வளைவுகள், மின்விசிறி இறக்கையில் வானவில் நிறங்கள். அருமையான கருத்து. அதை நாம் சுவர் ஓவியமாகச் சுருக்கிக்கொண்டோம். நான் பார்த்த ஒரு பள்ளியில் கோணமானி 180 பாகைக்கும் அழகாக வரையப்பட்டிருந்தது. கதவு 60 பாகையில் பெஞ்சில் இடித்து நின்றது.

"முதலில் கட்டடம் இடிந்து விழாமல் இருக்கட்டும், அப்புறம் கற்பித்தல் முறையைப் பார்ப்போம்" என்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ மேல்தளத்தின் கூரைக்குத் தாவியது. இறங்கும் வழி குறுகலாக இருந்தது. பாதுகாப்புக்கு முன் எதுவும் இல்லை. ஆனால் பாதுகாப்பும் கற்றலும் வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவை என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. ஓர் அறைக்கு ஒரே வாசல், அதுவும் குறுகல், சன்னலுக்குக் கம்பி, ஓர் அறைக்குள் கொள்ளாத கூட்டம்: பிள்ளை சாவதும் இதனால்தான், கற்காமல் போவதும் இதனால்தான். வகுப்புக்கு வெளியே முற்றத்துக்கு இன்னொரு வாசல் வைத்தால் அது தப்பிக்கும் வழி. மற்ற நாட்களில் அதுவே இரண்டாவது வகுப்பறை. பிள்ளைகளை அடுக்கிவைக்கும் கிடங்காகப் பள்ளியை நினைத்ததில் பிறந்தவை இரண்டு குறைகளும்.

கடைசியாக வந்திருக்கும் வாதம், இனி திரை போதும் என்பது. ஸ்மார்ட் போர்டு வந்ததும் என்ன ஆகிறது? திரை பளிச்சென்று தெரியச் சன்னலைச் சாத்துகிறோம். எல்லாத் தலையும் மறுபடி முன்சுவரைப் பார்க்கிறது. லங்காஸ்டரின் கூடம் மின்சாரத்தோடு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வாங்கும் காசில் ஒரு பங்கைத் தாழ்வாரத்தை மூன்றடி அகலப்படுத்த ஒதுக்கியிருந்தால் ஒரு குழு அங்கே உட்கார்ந்து வேலை செய்திருக்கும் என்கிறேன்.

நம் தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு ஓர் அறை என்று கணக்கிடுகிறது; ஆக, இரண்டு அறைக்குள் ஐந்து வகுப்பு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கச் சொல்கிறது. அந்த ஐந்தையும் இந்த மூன்றையும் இரண்டு செவ்வகத்துக்குள் எங்கே உட்காரவைப்பது என்ற கேள்வியை வரைபடம் போட்டவரிடம் யாராவது கேட்டதுண்டா? மூலைகள், மேடை, தாழ்வாரம், முற்றம் என்று சின்னச் சின்ன இடங்களாக உடைந்த பள்ளிதான் இந்தத் திட்டத்துக்கு ஏற்ற பள்ளி. அதற்குக் கூடுதல் பரப்பளவு பெரிதாகத் தேவையில்லை. வரைபடம் போடுமுன் ஒரு வாரம் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்த கண் தேவை.

பெற்றோருக்கு ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு நீங்கள்தான். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வருகிறது என்றால் பூமி பூசைக்குச் சேலை மடிப்புக் கலையாமல் போய் நின்றுவிட்டு வராதீர்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதல் வகுப்புப் பிள்ளை தரையில் உட்கார்ந்தால் சன்னல் வழியாக என்ன தெரியும் என்று கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும், கரும்பலகை யாருக்கு எட்டும், தட்டுகளை எங்கே வைப்பது, மழை பெய்தால் வாத்தியார் குரல் கேட்குமா, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை மேல்தளத்து ஆய்வகத்துக்கு எப்படிப் போகும் என்று கேளுங்கள். பக்கத்தில் ஆசிரியரையும் உட்கார வையுங்கள். விடை அவருக்குத்தான் தெரியும். அங்கே நிற்கும் மரத்தை வெட்டாமல் கட்ட முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அந்தக் கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். உங்கள் பிள்ளைக்கு அதற்குள் கிடைப்பது ஐந்து ஆண்டு.